விழிப்புணர்வு தினம் முடிந்த மறுநாள்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், பொது சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரி 30 காந்தியடிகள் மறைந்த நாள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்தியாவில் அதுவே தொழுநோய் ஒழிப்பு நாள் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. பிரான்சைச் சேர்ந்த ரவுல் ஃபொலெரோ 1954-இல் தொடங்கிய உலகத் தொழுநோய் தினம் ஜனவரியின் கடைசி ஞாயிறன்று வருகிறது. நாம் அதைக் காந்தியின் நினைவு நாளுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்குக் காரணம் உண்டு. பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத அறிஞர் தொழுநோயோடு சேவாகிராமத்துக்கு வந்தபோது, ஆசிரமத்திலேயே அவருக்குக் குடில் கொடுத்து, புண்ணைத் துடைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டார் காந்தி. பார்த்தாலே ஒதுங்கிப் போன காலத்தில் தொட்டார். நோயைப் பற்றிய ஒரு தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

ஆனால் தொட்டவர் மறுநாளும் தொட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் இன்று பேச வந்ததே அந்த மறுநாளைப் பற்றித்தான்.

சுகாதார நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிப்ரவரி 4 புற்றுநோய் தினம். மார்ச் 24 காசநோய் தினம். 1882-இல் அதே தேதியில்தான் ராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். ஏப்ரல் 7 உலக சுகாதார தினம். 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்த நாள். மே 31 புகையிலை எதிர்ப்பு. ஜூன் 14 ரத்த தானம். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டெய்னரின் பிறந்தநாள். ஆகஸ்ட் 20 கொசு தினம். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்த நாள். நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம், உலகத்துக்கு நீரிழிவு தினம். இன்சுலினைத் தந்த பாண்டிங் அன்றுதான் பிறந்தார். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம், 1988 முதல். நம் தமிழ்நாட்டுக்கே உரிய நாளும் ஒன்று உண்டு. ஜூலை 30, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள், அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தே விட்டார்.

இவை தவிர வாரங்கள், மாதங்கள். அக்டோபர் முழுக்க மார்பகப் புற்றுநோய். ஜனவரி முழுக்கக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இப்படி நாட்காட்டி நிரம்பி வழிவதால் நோய் குறைந்திருக்கிறதா என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். எல்லாத் தினமும் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லாத் தினமும் நல்லது என்றும் என்னால் சொல்ல முடியாது. ஒரு தினத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பேரணியைப் பார்த்துவிட்டு மனம் மாறிய ஒரு பெண், மறுநாள் காலையில் எந்தக் கதவைத் தட்டுவாள்? அந்தக் கதவு திறந்திருக்குமா?

நம் ஊரில் பதாகை இல்லாமலே நடக்கும் ஒரு தினம் இருக்கிறது. புதன்கிழமை. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும், "புதன்கிழமை ஊசி" என்பார். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். போன வாரம் காய்ச்சல் என்று விட்டுவிட்டால் அடுத்த புதன் இருக்கிறது. யாரும் உறுதிமொழி வாசிப்பதில்லை, அமைச்சர் வருவதில்லை. தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நன்றாகப் போய்ச் சேர்வதற்கு அந்தப் புதன்கிழமைக்கு இருக்கும் பங்கு சாதாரணமானதல்ல.

போலியோவைப் பாருங்கள். 1980-களில் வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும், ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் குறுகிய காலத்தில் ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுத்தால் கிருமி பரவ இடமில்லாமல் போகும் என்று செய்து காட்டினார்கள். 1995 டிசம்பரில் அது நாடு முழுவதற்குமான ஏற்பாடாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையங்களில் நான் நின்றிருக்கிறேன். பேருந்து கிளம்பப் போகிறது. தாய் படியில் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு. பிறகு இடது கைச் சுண்டு விரலில் மை. அந்த மை எதற்காக? அடுத்த நாள் வீடு வீடாகப் போகிறவர் கதவைத் தட்டி முதலில் பார்ப்பது அந்தச் சுண்டு விரலைத்தான். மை இருந்தால் சுவரில் சாக்கட்டியால் 'பி' என்று எழுதுவார். பூட்டிய வீடு, விடுபட்ட குழந்தை என்றால் 'எக்ஸ்' போடுவார். எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பவும் போக வேண்டும். குழந்தைக்குப் போடும் வரை போக வேண்டும்.

நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத பகுதிக்குள் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முகாமைத்தான் நாளிதழ்கள் படம் பிடித்தன. என்னைக் கேட்டால் திங்களும் செவ்வாயும் அந்தச் சாக்கட்டியோடு தெருத் தெருவாக நடந்தவர்கள்தான் போலியோவை விரட்டியவர்கள் என்பேன்.

இதே புத்தி குடற்புழு நீக்க நாளிலும் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ஏற்பாடு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆசிரியர் முன்னிலையில் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தை மென்று விழுங்கும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி மாத்திரை. அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காகச் சில நாள் கழித்து இன்னொரு நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் வரமாட்டார்கள் என்று முதலிலேயே தெரிந்து, வராதவர்களுக்கும் சேர்த்துத் திட்டம் போட்ட தினம் அது. இந்தப் பணிவு எத்தனை தினங்களுக்கு இருக்கிறது?

இப்போது திண்டுக்கல் மாவட்டத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உலக மருத்துவ இதழ்கள் பேசிய அளவுக்கு நம் மேடைகள் இதைப் பேசவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றிய பின், பல ஆண்டுகள் கழித்தே திசுவில் மாற்றம் தெரியும். அது புற்றாக முற்ற மேலும் சில ஆண்டுகள். இந்த நீண்ட இடைவெளியில் ஒரே ஒருமுறை பார்த்தாலும் பிடித்துவிடலாம். பணக்கார நாடுகளில் இதற்குப் 'பாப்' பரிசோதனை உண்டு. அதற்கு ஆய்வகம் வேண்டும், பயிற்சி பெற்ற கண் வேண்டும், முடிவு வரும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்க வேண்டும். கூலி வேலைக்கோ பூப்பறிக்கவோ போகும் பெண்ணை மூன்று முறை வரச் சொன்னால் மூன்றாம் முறை வரமாட்டாள். கூலி போகும்.

அதனால் வேறு வழி ஒன்றைச் சோதித்தார்கள். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உடன் நிற்க நடந்த ஆய்வு அது. பயிற்சி பெற்ற செவிலியர் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். பஞ்சில் நனைத்த 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, நம் பேச்சில் சொன்னால் வினிகரை, அதன்மேல் ஒற்றுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். நல்ல விளக்கொளியில் மறுபடி பார்ப்பார். இளஞ்சிவப்பாக இருக்கும் இடத்தில் வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் சந்தேகம். பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே, அதே அறையில், குளிர்வித்து உறையவைக்கும் முறையில் அந்தத் திசுவை அழித்துவிடலாம். காலையில் வந்த பெண் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம்.

2000 முதல் 2003 வரை அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். எல்லோரும் 30 முதல் 59 வயதுக்குள். பரிசோதனை கிடைக்காத வேறு ஊர்களின் பெண்களோடு ஒப்பிட்டுச் சில ஆண்டுகள் கவனித்தபோது, அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. இந்த முடிவை 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, வினிகரும் பஞ்சும் வைத்துப் பார்த்ததற்கு இந்தப் பலன். ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செவிலியர்கள் செய்து காட்டிய பின், பல ஏழை நாடுகள் இந்த முறையைக் கையில் எடுத்தன.

எந்தச் செவிலியரைப் பார்த்தாலும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் பயிற்சி மாணவிகளே, இது உங்கள் கைக்குக் கிடைத்த மரியாதை.

இனி அக்டோபருக்குப் போகலாம். இளஞ்சிவப்பு நாடா எல்லோருக்கும் தெரியும். அதன் பின்கதையும் தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோடு சேர்ந்து அதைத் தொடங்கியது, இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மருந்துப் பிரிவு. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் அவர்கள் கண்டுபிடித்த மருந்து. நல்ல மருந்து; லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. மருந்து செய்பவர் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவு செய்கிறவர், தமக்குத் தெரிந்ததையும் தமக்கு வேண்டியதையும்தான் பேசுவார். சோதித்துக்கொள், சிகிச்சை பெறு என்பார். ஏன் வருகிறது, வராமல் தடுக்க எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது என்று கேட்கமாட்டார்.

அதைக் கேட்டவர் சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் குடும்பத்தில் பாட்டி, சகோதரி, மகள் என்று மூன்று தலைமுறையை அந்நோய் தொட்டிருந்தது. தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பீச் பழ நிறத்தில் நாடா வெட்டி, ஓர் அட்டையில் குத்தி, ஊரெங்கும் கொடுத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், அதை உயர்த்தச் சொல்லி எழுதுங்கள் என்பது அட்டையிலிருந்த செய்தி. 1992-இல் ஓர் இதழும் ஓர் அழகுப்பொருள் நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டன. விற்பனைக்கு வழி வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று வழக்கறிஞர்கள் ஆலோசனை சொல்ல, நாடா இளஞ்சிவப்பானது. அட்டையிலிருந்த அந்த வேண்டுகோள் அதனுடன் வரவில்லை. உலகம் முழுக்கப் பறப்பது இன்று அந்த இளஞ்சிவப்புத்தான்.

அந்த நாடாவோடு நமக்கு வந்து சேர்ந்த செய்தி, மேமோகிராம் எடுத்துக்கொள் என்பது. கள்ளிக்குடியிலும் கமுதியிலும் இருக்கும் பெண் அதற்கு எங்கே போவாள்? ஆனால் செவிலியரின் விரல் நுனி எல்லா ஊரிலும் இருக்கிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் 20 ஆண்டுகள், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இதைச் சோதித்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். கட்டிகள் முற்றாத நிலையிலேயே தெரியவந்தன. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு நிற்கவில்லை. 50 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அக்டோபர் மாதம் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடுகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். விளக்குக்குச் செலவாகும் பணத்தில் எத்தனை செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்த ஒரு வாரமும் உண்டு. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை, தாய்ப்பால் வாரம். 1990 ஆகஸ்ட் 1-இல் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் அரசுகள் கூடிச் செய்த பிரகடனத்தை நினைவுகூர, 1992 முதல் நடக்கிறது. அதே 1992-இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பால் பவுடரையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. டப்பாவில் கொழுகொழுவென்று குழந்தைப் படம் போடக் கூடாது. டாக்டர்களின் கூட்டத்துக்கு அந்த நிறுவனங்கள் செலவு செய்யவும் கூடாது. பிரசவ வார்டில் பச்சை உடம்போடு படுத்திருக்கும் பெண்ணிடம், உனக்குப் பால் போதாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவள் மனசு உடைந்துபோகும். அந்த நேரத்தில் கையில் இலவச டப்பா இருந்தால் குழந்தை அதற்குப் பழகும். தாய்க்குப் பால் வற்றும். அதன்பின் டப்பா இலவசமாக வராது. இதைத் தெரிந்துகொண்டுதான் சட்டம் எழுதினார்கள். மற்ற தினங்களுக்கும் இப்படி ஒரு காவல் வேண்டும்.

நாய்க்கடி வேறு மாதிரி. அங்கே தெரிந்துகொள்வதே பாதி மருந்து. செப்டம்பர் 28, லூயி பாஸ்டர் மறைந்த நாள், வெறிநோய் தினம். அந்த நோய் வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. வராமல் தடுப்பது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கடித்த இடத்தைக் குழாயடியில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஆழமான கடி என்றால், தடுப்பூசியோடு புண்ணைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும்; அது எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு அங்கே போக வேண்டும். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்ற பயம் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஊசி கையில்தான், எண்ணிக்கையும் நாலைந்துதான். இந்த ஒரு செய்தி எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தால் செப்டம்பர் 28 தன் வேலையைச் செய்துவிட்டது. நாய் கடித்ததை வீட்டில் சொன்னால் திட்டு விழும் என்று மறைக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் ஆபத்தில் இருப்பவர்கள். அதனால் ஆசிரியர்களே, திட்டமாட்டோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

காசநோய்க்கு வருகிறேன். மார்ச் 24-இல் ராபர்ட் காக் பற்றிப் பேசுகிறோம். சென்னையைப் பற்றியும் பேச வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் அமைத்த காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும்தான் மருந்து. மருந்துகள் வந்த பின்னும், காசநோயாளி மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்தே ஆக வேண்டும் என்று உலகம் நம்பியது. நம் நாட்டில் அத்தனை கட்டிலுக்கு எங்கே போவது? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மறு பிரிவை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில் இருந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்று இந்த ஊரே நிரூபித்த பின்பும் நாம் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கிறோம். பெண்ணுக்கு வந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைக்கிறோம். என் வேதனை அதுதான்.

மருந்து இருக்கிறது, அப்படியும் ஏன் சாகிறார்கள் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு 2022-இல் ஒரு நல்ல பதிலைத் தேடத் தொடங்கியது. நோய் உறுதியான அன்றே நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார், கால் வீங்கியிருக்கிறதா பார், மூச்சை எண்ணு, ரத்தத்தில் ஆக்சிஜன் பார், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார். இவ்வளவுதான். மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று அதற்குப் பெயர். இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய கருவிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. இன்னொரு பக்கம், ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. எடை மெஷினும் அரிசி மூட்டையும் இல்லாமல் நடக்கும் காசநோய் தினம் அரைகுறையானது என்றே எனக்குப் படுகிறது.

தற்கொலைத் தடுப்பு தினத்தைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 10. இந்தத் தினத்தில் என்ன பேசுகிறோம் என்பதைவிட எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியம். விவரித்துப் பேசினால் தீங்காகவே முடியலாம். பேச்சைவிடப் பலன் தந்தவை வேறு. இலங்கையில் 1995-இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின், 20 ஆண்டுகளில் 70 சதவீதம் குறைந்தது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகளின் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டகங்களில் வைக்கச் செய்தார்கள். ஆத்திரத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தால், பலர் பிழைத்து மனம் மாறுகிறார்கள். அக்டோபர் 10 மனநல தினத்தில், 2022-இல், நாடு முழுவதற்குமான 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண் தொடங்கப்பட்டது. நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். இங்கே இருப்பவர்கள் அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

தினங்களைக் கூட்டிக்கொண்டே போவதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒவ்வொரு தினத்துக்கும் ஒரு பேரணி, ஒரு கோலப்போட்டி, நாலு புகைப்படம், ஓர் அறிக்கை. அந்த அறிக்கையை எழுதும் மதியத்தில்தான் அவர் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை பெண் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே வருகிறது. நவம்பர் 14-இல் ஆயிரம் பேரைக் கூட்டுவதைவிட, மாத்திரையை நிறுத்திவிட்ட பத்துப் பேரைத் தேடிப் போகும் அந்தப் பெண் தன்னார்வலரின் நடைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். அவர்களுக்குக் கொடுக்கும் தொகை அந்த நடைக்கு ஈடாக இல்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், மகளிர் குழுத் தலைவிகள் இருக்கிறீர்கள், ஊராட்சி மன்றத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். வரும் ஜனவரியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கூட்டம் போடுவீர்கள். தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது; அதைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுங்கள். முதலில் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அந்த வாரம் பரிசோதனை செய்யும் செவிலியர் இருப்பாரா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டு வாருங்கள். கருவியும் கரைசலும் இருப்பில் உள்ளதா என்றும் கேளுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும் திரையும் இருக்கின்றனவா என்று ஒரு பெண்ணை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். திரை இல்லாத அறைக்குள் நம் பெண்கள் படியேற மாட்டார்கள். சிறப்பு விருந்தினர் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில், அந்தக் கிழமையையும் நேரத்தையும் போடுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களின் பட்டியலைக் குழுவாரியாக எழுதி வையுங்கள்.

திண்டுக்கல்லில் அவ்வளவு முயன்றும் 17,968 பேர் வரவில்லை. உங்கள் ஊரிலும் மூன்றில் ஒருவர் வரமாட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த வீடுகளுக்கு யார் யார் போவது என்பதை, ஜனவரிக் கூட்டத்தின் மேடையிலேயே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசை மாணவிகளிடமிருந்து தொடங்குவோம்.